பாலாற்றின் அடியில் தண்ணீர் ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா?

கேட்கப்பட்ட கேள்வியின் சாரம் இது: "வாலாஜாபாத் பக்கம் பாலாற்றில் ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல்தான் தெரிகிறது. ஆனால் மணலில் பள்ளம் பறித்தால் தண்ணீர் ஊறுகிறது. மேலே வறண்டிருந்தாலும் ஆறு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வது உண்மையா? உண்மையென்றால் அந்த நீர் எங்கே போகிறது, கடலில் வீணாகிறதா? எங்கள் ஏரி நிறைந்தால் கிணற்றில் நீர் ஏறுகிறதே, அதற்கும் ஆற்றுக்கும் தொடர்பு உண்டா?"

பெரியவர்கள் சொல்வதில் பாதி சரி. மணலுக்குள் தண்ணீர் இருக்கிறது, அது கடலை நோக்கி நகரவும் செய்கிறது. ஆனால் அந்த நகர்வு நாம் 'ஓட்டம்' என்று சொல்லும் அளவில் இல்லை. பாலாற்றின் அடியில் இருப்பதை மணல் நிரப்பிய ஒரு நீண்ட ஏரி என்று கொள்வதே உண்மைக்கு நெருக்கமானது. இதை ஓடும் ஆறாக நினைப்பதற்கும் தேங்கிய ஏரியாக நினைப்பதற்கும் நடைமுறையில் பெரிய வேறுபாடு உண்டு. ஓடும் ஆறென்றால் இன்று எடுத்ததற்கு நாளை மேலிருந்து வேறு நீர் வந்துவிடும் என்று இருந்துவிடலாம். ஏரியென்றால் எப்போது, எதனால் நிரம்பும் என்று கேட்டாக வேண்டும்.

முதலில் அந்த மணல் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தின் குப்பம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கங்களைக் கடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் அருகே கடலில் சேர்கிறது. மொத்த நீளமான 348 கிலோமீட்டரில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளது. வழியெங்கும் இருப்பது கருங்கல் வகைப் பாறை நிலம். அந்தப் பாறை சிதைந்து உதிர்ந்த பரல் மணலைத்தான் ஆறு பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து தன் பள்ளத்தாக்கில் நிரப்பியிருக்கிறது. ஆற்றின் அகலத்திலும் இரு கரைகளை ஒட்டிய பட்டையிலும் மட்டுமே இந்த மணல் கிடக்கிறது. சற்றுத் தள்ளிப் போனால் மீண்டும் பாறைதான். இதே நிலத்தில் ஒரு கன மீட்டர் பாறையிலிருந்து வடித்து எடுக்கக்கூடிய நீர் 10 முதல் 20 லிட்டர் என்றால், ஒரு கன மீட்டர் பரல் மணலிலிருந்து 200 லிட்டர் வடியும். ஆற்றோரத்துக்கும் உள்ளூருக்கும் கிணறுகளில் உள்ள வேறுபாட்டுக்கு இதுவே பெரும் காரணம்.

ஆற்றில் ஊற்றுப் பறிக்கும்போது நடப்பதைக் கவனித்தவர்களுக்கு அடிப்படை விதி ஒன்று கண்ணாலேயே புலப்படும். மேல் மணல் வெளுத்து உலர்ந்திருக்கும். ஒரு முழம் போனால் நிறம் மாறி ஈரம் தட்டும்; ஆனால் ஈரமணலைக் கையில் பிழிந்தாலும் சொட்டு வராது. இன்னும் தோண்டினால் ஓர் ஆழத்தில் பள்ளத்தின் பக்கங்கள் சரியத் தொடங்கி, கலங்கல் நீர் ஊறும். அந்த நீர் ஒரு மட்டம் வரை ஏறி நின்றுவிடும். கலங்கலை இறைத்து ஊற்றிவிட்டுக் காத்திருந்தால், தெளிந்த நீர் அதே மட்டத்துக்கு வந்து நிற்கும். பத்தடி தள்ளி இன்னொரு பள்ளம் பறித்தால் அதிலும் ஏறத்தாழ அதே மட்டம்தான். அதுவே நிலத்தடி நீர்மட்டம். அதற்கு மேலுள்ள ஈரம் மணல் துகள்கள் பிடித்துவைத்திருக்கும் ஈரம். அது கிணற்றுக்குள் வராது. அதற்குக் கீழே துகள்களுக்கு இடைப்பட்ட வெளி முழுவதும் நீர் நிறைந்திருக்கிறது. இந்த மட்டம் தட்டையாக இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றினாலும், கிலோமீட்டர் கணக்கில் அளந்தால் ஆற்றின் சரிவை ஒட்டி மெல்லச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் நீரை நகர்த்துகிறது.

எவ்வளவு வேகமாக நகர்த்துகிறது? பிரான்சில் தீஷோன் நகரின் நீர் வழங்கலுக்காக ஆய்வு செய்த பொறியாளர் ஆன்ரி தார்சி, 1856-இல் இதற்கான விதியை வெளியிட்டார். மணலின் ஊடுருவு திறனை (அது நீரை எவ்வளவு எளிதாக விடுகிறது என்பதன் அளவை) சாய்வாலும் குறுக்குவெட்டுப் பரப்பாலும் பெருக்கினால், கடந்து செல்லும் நீரின் அளவு கிடைக்கும் என்பதே அது. பாலாற்றுக்குப் பொருந்தக்கூடிய எண்களை எடுத்துக்கொண்டு ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணற்பட்டையின் அகலம் 800 மீட்டர், நீர் நிறைந்த மணலின் தடிமன் 10 மீட்டர், சாய்வு ஆயிரத்துக்கு ஒன்று, ஊடுருவு திறன் நாளொன்றுக்கு 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் வருவது நாளொன்றுக்கு 400 கன மீட்டர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் 40 லாரி. ஏறத்தாழ முக்கால் கிலோமீட்டர் அகலமுள்ள ஆற்றின் அடியில் ஒரு நாள் முழுதும் 'ஓடுவது' அவ்வளவுதான். ஒரு சிறு நகராட்சிக்குக்கூட அது போதாது.

வேகத்தைக் கணக்கிட்டால் வியப்பு இன்னும் கூடும். இந்த எண்களின்படி, மணலில் பத்தில் மூன்று பங்கு இடைவெளி என்று கொண்டால், துகள்களுக்கு இடையில் நீர் நாளொன்றுக்கு 17 சென்டிமீட்டர் அளவே நகர்கிறது. ஆண்டுக்கு 60 மீட்டர். ஒரு கிலோமீட்டரைக் கடக்க 16 ஆண்டுகள் ஆகும். வாலாஜாபேட்டை அணைக்கட்டின் அருகே மணலில் இறங்கிய ஒரு சொட்டு, நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ள கடலை மணலுக்குள்ளாகவே சென்றடைய வேண்டுமென்றால் ஆயிரம் ஆண்டுகள் போதாது. மணல் நான் எடுத்துக்கொண்டதைவிட நான்கு மடங்கு எளிதாக நீரை விடுகிறது என்று வைத்துக்கொண்டாலும் நூற்றாண்டுக் கணக்கில்தான் விடை வரும். ஆகவே 'அடியில் ஓடும் நீர் கடலில் வீணாகிறது' என்ற கவலைக்கு ஆற்றின் நடுப்பகுதியில் இடமில்லை. மறுபக்கம், அதே ஒரு கிலோமீட்டர் நீளத்து மணலில் இருப்பாக உள்ள நீரைக் கணக்கிட்டால், ஆயிரம் மீட்டர் நீளம், 800 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம், அதில் ஐந்தில் ஒரு பங்கு என்று 16 லட்சம் கன மீட்டர் வருகிறது. ஓட்டம் 400, இருப்பு 16,00,000. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பாலாற்றின் தன்மை விளங்கிவிடும்.

இந்த மெதுவான நகர்வின் கசப்பான பக்கத்தை வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகள் அறியும். தோல் பதனிடும் தொழிலின் கழிவுநீர் பல்லாண்டுகள் மணலிலும் வயலிலும் இறங்கிய கதை உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பாக வந்தது. கழிவு விடுவதை நிறுத்திய மறு ஆண்டே மேற்பரப்பு ஆறு தெளிந்துவிடக்கூடும்; அடியில் இருப்பது அப்படித் தெளியாது. ஆண்டுக்குச் சில பத்து மீட்டர் நகரும் நீரில் கலந்த உப்பு ஒரு தலைமுறைக்குள் ஊர் எல்லையைத் தாண்டுவதே அரிது.

அப்படியானால் இந்த மணல் ஏரி எப்படி நிரம்புகிறது? மேலே நீர் ஓடும் நாட்களில், படுகை வழியாக நேர்கீழாக இறங்கி நிரம்புகிறது. வெள்ளம் பெரிதாக இருந்தால் நிரம்பல் பெரிதாக இருக்கும் என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. 2021 நவம்பரில் வாலாஜாபேட்டை அணைக்கட்டைக் கடந்த வெள்ளம் ஒரு கட்டத்தில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அந்த அளவு ஒரு நாள் முழுதும் ஓடினால் எட்டரை டிஎம்சிக்கு மேல். படுகை நாளொன்றுக்கு அரை மீட்டர் நீரை உறிஞ்சும் என்று கொண்டால், 800 மீட்டர் அகலமும் நனைந்த அந்த ஒரு நாளில் ஒரு கிலோமீட்டருக்கு 4 லட்சம் கன மீட்டர் இறங்கும். எஞ்சியது கடலுக்குப் போகும். இதற்கு மாறாக 100 மீட்டர் அகலத்தில் முழங்காலளவுகூட இல்லாமல் ஓடும் 500 கன அடி நீரோட்டத்தை எடுத்துக்கொள்வோம். அது ஒரு மாதம் ஓடினாலும் மொத்தம் 1.3 டிஎம்சிதான். ஆனால் அது தொட்டு ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அந்த மாதத்தில் 15 லட்சம் கன மீட்டர் இறங்கும். ஏழில் ஒரு பங்கு நீர், நான்கு மடங்கு நிரம்பல். மணலுக்கு வேண்டியது வெள்ளத்தின் உயரம் அல்ல, ஆறு ஓடும் நாட்களின் எண்ணிக்கை.

மழைக்காலத் தொடக்கத்தில் அடிக்கடி கேட்கும் ஒரு புலம்பலுக்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. 'ஆம்பூரில் தண்ணீர் வந்துவிட்டதாம், வேலூர்ப் பாலத்துக்கு இன்னும் வரவில்லையே' என்பார்கள். 500 கன அடி என்பது நாளொன்றுக்கு 12 லட்சம் கன மீட்டர். கிலோமீட்டருக்கு 50,000 கன மீட்டரை வறண்ட மணல் குடித்தால், 25 கிலோமீட்டருக்குள் அந்த நீரோட்டம் முற்றாக மறைந்துவிடும். யாரும் மறித்துவிடவில்லை, மேல்பகுதி மணல் நிரம்பும் வரை கீழ்ப்பகுதிக்கு முறை வராது. நீர்மட்டம் படுகைக்கு அருகில் இருந்த காலத்தில் இந்த முதல் தவணை குறைவாக இருந்தது. இப்போது மோட்டார்கள் மட்டத்தைக் கீழே இழுத்துவிட்டதால் ஒவ்வொரு ஆண்டும் அந்தப் பள்ளத்தை முதலில் நிரப்ப வேண்டியிருக்கிறது.

மேற்பகுதியில் கட்டப்படும் தடுப்பணைகள் பற்றிய சச்சரவையும் இங்கேயே சொல்லிவிடலாம். மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் 1892-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் பாலாறும் அடங்கும். கர்நாடகத்தில் பேத்தமங்கலம் முதலிய நீர்த்தேக்கங்களும், ஆந்திர எல்லையில் புல்லூர் முதலிய தடுப்பணைகளும் இருக்கின்றன. இவற்றின் மொத்தக் கொள்ளளவைக் கூட்டி, 'இவ்வளவு குறைவான டிஎம்சியால் என்ன ஆகிவிடும்' என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் பெருவெள்ளத்துக்கு மட்டுமே பொருந்தும். தடுப்பணை பிடிப்பது சிறு நீரோட்டங்களை, அதாவது மேலே சொன்ன அந்த 500 கன அடி வகையை. கொள்ளளவில் சிறியதாகத் தெரிவது, ஆறு ஓடும் நாட்களின் கணக்கில் பெரிய இழப்பாகிறது. இதே நியாயம் தமிழ்நாட்டுக்குள் நாம் கட்டும் தடுப்பணைக்கும் பொருந்தும்: கட்டிய இடத்தில் கிணறு ஏறும், அடுத்த தடுப்பணை வரையுள்ள ஊர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கும்.

இந்த மணல் ஏரியிலிருந்து நீரெடுக்க நம் முன்னோர் கையாண்ட வழிகளில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது ஊற்றுக்கால். ஆற்றுப் படுகைக்குள்ளேயே, நீரோட்டத் திசையில், நீர்மட்டத்துக்குக் கீழே போகும்படி ஒரு நீண்ட வாய்க்காலைத் தோண்டுவார்கள். தொடக்கத்தில் அது ஆழமாக இருக்கும்; பக்கங்களிலிருந்து நீர் கசிந்து சேரும். நுட்பம் சரிவில் இருக்கிறது. ஆற்றின் சரிவைவிட வாய்க்காலின் சரிவைக் குறைவாக வைப்பார்கள். ஆகவே சில கிலோமீட்டர் போவதற்குள் ஆற்றின் தரை இறங்கிவிட, வாய்க்கால் நீர் தானாகவே கரையேறி வயல் மட்டத்துக்கு வந்துவிடும். இறைக்க ஏற்றமும் வேண்டாம், மாடு பூட்டி இழுக்கும் கவலையும் வேண்டாம். மேற்பரப்பு ஆறு வற்றிய பின்னும், தையிலிருந்து சித்திரை வரைகூட, அதில் நீர் வந்தது. ஒவ்வொரு வெள்ளத்திலும் மணல் வந்து மூடிவிடும் என்பதால் ஆண்டுதோறும் ஊரார் கூடி வெட்டிச் சீர்செய்ய வேண்டும். குடிமராமத்து வேலைகளில் கடினமான ஒன்று அது. இந்த முறைக்கு இயல்பாகவே ஒரு கட்டுப்பாடும் இருந்தது. நீர்மட்டம் வாய்க்காலின் அடித்தரைக்கு இறங்கியதும் நீர் நின்றுவிடும். அதற்குக் கீழுள்ள இருப்பை யாராலும் தொட முடியாது. அது பஞ்ச காலத்துக் குடிநீருக்கு எஞ்சி நின்றது.

மின் மோட்டார் வந்தபின் அந்தக் கட்டுப்பாடு போயிற்று. கரையோரக் கிணறுகள், ஆற்றுக்குள்ளேயே இறக்கிய நகராட்சிகளின் நீருறிஞ்சு கிணறுகள், பின்னர் ஆழ்துளைக் கிணறுகள் என்று வரிசையாக மட்டம் இறங்க, ஊற்றுக்கால்கள் ஒவ்வொன்றாகத் தூர்ந்தன. வேலூர் முதல் தாம்பரம், பல்லாவரம் வரை பல நகரங்கள் இந்த மணலிலிருந்து குடிநீர் எடுத்திருக்கின்றன, கல்பாக்கமும் அப்படியே. கிணறு இறைக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அமெரிக்க நிலத்தடி நீர் அறிஞர் தைஸ் 1940-இல் கொடுத்த விடை இன்றும் மாறவில்லை. முதலில் இருப்பிலிருந்து வரும். பிறகு அந்த நீர் இயல்பாகப் போய்ச்சேர வேண்டிய வேறோர் இடத்துக்குக் குறைத்துவிட்டு வரும். இல்லையென்றால் வேறொரு நீர்நிலையிலிருந்து கூடுதலாக இழுத்து வரும். மூன்றைத் தவிர நான்காவது வழி இல்லை. பாலாற்றில் 'வேறோர் இடம்' என்பது ஊற்றுக்காலாகவும், கோடையில் மடுக்களில் நின்ற நீராகவும், கரையோர மரங்களாகவும், கடைசியில் கடல்முகமாகவும் இருந்தது.

மணல் அள்ளுவதால் என்ன கெடும் என்பதும் இப்போது எளிதில் புரியும். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, முழு அகலத்திலும் ஒரு மீட்டர் மணல் போனால், அதோடு ஒன்றரை லட்சம் கன மீட்டருக்கு மேல் நீர் தங்கும் இடம் போகிறது. அது முதல் இழப்பு. பரல் மணலில் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குக் கீழே போய்விட்டால் வெயில் அதைத் தொடுவது ஏறக்குறைய நின்றுவிடும்; அந்தப் போர்வையை எடுத்துவிட்டால், எஞ்சிய நீர் வெயிலுக்குத் திறந்த குட்டையாகிவிடும். அது இரண்டாவது. மூன்றாவதுதான் பலர் எண்ணிப் பார்க்காதது: ஆற்றுத் தரை தாழ்ந்ததும் இரு கரைகளிலும் உள்ள நிலத்தடி நீர், தாழ்ந்த இடத்தை நோக்கி வடியத் தொடங்குகிறது. ஆற்றால் ஊட்டம் பெற்று வந்த கரையோரக் கிணறு அந்த இடத்தில் ஆற்றுக்கு ஊட்டம் கொடுப்பதாகத் திசை மாறிவிடுகிறது. கால்வாய்த் தலைமதகுகள் ஆற்றுத் தரைக்கு மேலே தொங்கிக்கொண்டு நிற்பதும் இதன் விளைவே.

இனி ஏரிக்கு வருவோம். பாலாற்றுப் படுகையின் உண்மையான ஈரநிலங்கள் ஏரிகள்தாம். வாலாஜாபேட்டை அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்கள் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, மாமண்டூர் முதலிய பல்லவர் காலத்துப் பேரேரிகளுக்கு நீர் கொண்டு செல்கின்றன. காவேரிப்பாக்கம் ஏரி ஒன்றே ஏறத்தாழ ஒன்றரை டிஎம்சி பிடிக்கும். அதன் உபரியிலிருந்துதான் கொசஸ்தலையாறு தொடங்குகிறது. ஏரியின் அடியில் நூற்றாண்டுக் கணக்கில் வண்டல் படிந்திருப்பதால், ஆற்று மணலைப் போல அது நீரை விழுங்காது. நிலத்தடி நீர் மதிப்பீட்டுக்கென 1997-இல் வகுக்கப்பட்ட நடுவணரசின் நெறிமுறை, ஏரியில் நீர் நிற்கும் நாட்களில் சராசரி நீர்ப்பரப்பின் மீது நாளொன்றுக்கு 1.4 மில்லிமீட்டர் கசிவதாகக் கொள்ளச் சொல்கிறது. அதே நாளில் வெயிலும் காற்றும் 4 முதல் 6 மில்லிமீட்டரை ஆவியாக்கிவிடும். ஆகவே ஏரியை வெறும் நிலத்தடி நீர் ஊட்டும் தொட்டியாகப் பார்த்தால் அது சிக்கனமான ஏற்பாடாகத் தெரியாது.

ஆனால் அந்த 1.4 மில்லிமீட்டரை அற்பமாகவும் எண்ண வேண்டாம். நூறு ஹெக்டேர் பரப்பில் நான்கு மாதம் நீர் நின்றால் கசிவு 1,68,000 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 லட்சம் கன அடி. விநாடிக்கு ஐந்து லிட்டர் தரும் மோட்டார் நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டில் 200 நாள் ஓடினால் எடுப்பது 28,800 கன மீட்டர். அப்படிப்பட்ட ஆறு கிணறுகளை அந்த ஏரி தாங்கும். ஆறு பேர் இறைத்த காலத்தில் ஏரிக் கீழ்க் கிணறுகள் வற்றாமல் இருந்ததற்கும், அறுபது பேர் இறைக்கும் இன்று மாசியிலேயே காற்று வாங்குவதற்கும் வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. இத்துடன் ஆயக்கட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் வயலில் விடப்படும் நீரில், நீர்மட்டம் ஆழமில்லாத இடங்களில், பாதியளவு மீண்டும் நிலத்துக்குள் இறங்குவதாக அதே நெறிமுறை கொள்கிறது. ஏரியின் அடி செய்வதைவிட ஏரி நீர் பாயும் வயல் அதிகம் செய்கிறது. மதகை நிரந்தரமாக அடைத்துவிட்டு, 'நிலத்தடி நீருக்காக' ஏரியைத் தேக்கிவைக்கும் ஊர்கள் இதைக் கணக்கில் கொள்வது நல்லது.

தூர்வாருவது பற்றியும் ஒரு சொல். மேல் வண்டலை எடுத்தால் கசிவு கூடும் என்பது உண்மை. ஆனால் அதற்கடியில் மணலோ சிதைந்த பாறையோ இருந்தால்தான். கீழேயும் களியாக இருந்தால் எவ்வளவு ஆழப்படுத்தினாலும் மதகால் எடுக்க முடியாத ஒரு பள்ளம் மட்டுமே மிஞ்சும்.

நன்னீர்ச் சதுப்பு நிலம் இவற்றிலிருந்து வேறுபட்டது. சென்னைக்குத் தெற்கேயுள்ள பள்ளிக்கரணையை எடுத்துக்கொண்டால், அது தாம்பரம், வேளச்சேரிப் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் கடைசியாக வந்து பரவும் இடம். அங்கிருந்து ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறது. களிமண் தரையில் கசிவு குறைவு. அதன் வேலை தாமதப்படுத்துவது. வந்த வெள்ளத்தை அகலப் பரப்பிச் சில வாரங்களுக்கு நீட்டி விடுகிறது. வண்டலும் அழுக்கும் கோரைகளுக்கிடையே படிகின்றன. 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அது இடம்பெற்றது. மதுராந்தகம் பக்கத்து வேடந்தாங்கலும் கரிக்கிலியும் அதே ஆண்டில் சேர்ந்தன. வேடந்தாங்கல் ஒரு பாசன ஏரி என்பது பலருக்கு மறந்துவிடுகிறது. பறவைகளின் எச்சம் கலந்த அந்த நீர் வயலுக்கு உரம் என்பதால்தான் சுற்றுப்புற ஊரார் 18-ஆம் நூற்றாண்டிலேயே வேட்டையைத் தடுக்கச் சொல்லி முறையிட்டனர்.

கடலில் வீணாகிறதா என்ற கேள்விக்கு முழு விடை கடலோரத்தில்தான் கிடைக்கும். மணலுக்குள் நன்னீர், அதைவிட எடை கூடிய உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும் என்பது கைபன், எர்ஸ்பெர்க் என்ற இருவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்ட விதி. மேலே ஒரு மீட்டரை இறைத்தால் கீழே 40 மீட்டரை இழக்கிறோம். இந்தப் படுகைக்கு வடக்கே மீஞ்சூரில் இதை நேரில் கண்டாகிவிட்டது. அங்கே சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்குமாகக் கிணற்று வயல்கள் அமைத்து இறைத்ததில், 1969-இல் கரையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டரில் இருந்த உப்பு முகப்பு, அதாவது மணலுக்குள் கடல்நீர் வந்து நிற்கும் எல்லை, அடுத்த ஆண்டுகளில் மேலும் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அந்தக் கிணறுகள் எடுத்த நீர் நிறைந்திருந்த மணல், பாலாறு பண்டைக் காலத்தில் வடகிழக்காக ஓடியபோது விட்டுச்சென்ற தடம் என்று புவியியலாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே கடல்முகத்தில் சிறிதளவு நன்னீர் கடலுக்குள் கசிவது வீணல்ல, உப்பை வெளியே நிறுத்திவைக்கும் செலவு அது. வாயலூரில் கட்டிய கடைமடைத் தடுப்பணையின் பயனும் தேக்கும் கன அடியில் மட்டும் இல்லை. ஓத நீர் மணல் மீது ஏறிவருவதை மறிப்பதிலும், அணைக்கு மேற்புறம் நன்னீர் மட்டத்தை உயர்த்தி உப்பு முகப்பைப் பின்னுக்குத் தள்ளுவதிலும் இருக்கிறது.

கடைசியாக, உங்கள் கிணறு ஆற்றுக் கிணறா ஏரிக் கிணறா என்று நீங்களே கண்டுபிடிக்க முடியும். வாரம் ஒரு முறை, மோட்டார் போடுவதற்கு முன் காலையில், கிணற்று விளிம்பிலிருந்து நீர்மட்டத்துக்குக் கயிறு விட்டு அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். பக்கத்தில் ஏரியின் நீர்மட்டத்தையும், ஆறு ஓடிய நாட்களையும் குறியுங்கள். ஏரி நிரம்பிச் சில வாரங்களில் கிணறு ஏறி, ஏரி வற்றியதும் இறங்கினால் தொடர்பு ஏரியோடு. ஆறு ஓடத் தொடங்கியபின் ஏறினால் ஆற்றோடு. மட்டம் இவ்வளவு சீக்கிரம் ஏறுவது, நீர் ஆண்டுக்கு 60 மீட்டர்தான் நகரும் என்றதற்கு முரணாகத் தோன்றலாம். அப்படி இல்லை. ஆறு ஓடும்போது கிணற்றுக்கு வந்து சேருவது அழுத்தம். கிணற்றில் ஏறுவது அருகிலேயே பல ஆண்டுகளாக இருந்த பழைய நீர். இதைச் சரிபார்க்கவும் வழி உண்டு. கரைந்த உப்பை அளக்கும் சிறு கையடக்க மீட்டர் ஒன்றை வாங்கி, அதே நாட்களில் நீரின் உப்புத்தன்மையையும் குறித்து வாருங்கள். மட்டம் ஏறியும் உப்பு குறையவில்லையென்றால் வந்தது பழைய நீர். உப்பும் சேர்ந்து விரைவில் குறைந்தால், ஆற்று மணல் உங்கள் கிணறு வரை தடையின்றி வருகிறது என்றோ, உங்கள் மோட்டாரும் அண்டை மோட்டார்களும் சேர்ந்து ஆற்று நீரை வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக இழுக்கின்றன என்றோ கொள்ளலாம். மட்டமும் அசையாமல், மழை பெய்த பல மாதங்களுக்குப் பிறகே கிணறு சற்று ஏறினால், அது ஆற்றோடும் ஏரியோடும் தொடர்பில்லாத பாறைக் கிணறு. அதற்கு உங்கள் வயலில் விழுந்த மழையைத் தவிர வேறு வரவு கிடையாது.